கப்பல் முனையில் இரண்டு கோடுகள்

எங்கள் பகுதியைத் தொகுதி மாற்றிவிட்டது என் மச்சான்தான் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பல வருஷமாகச் சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்கிறார்கள், மழை பெய்து முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது கட்டாயம் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிகிறது. ரோட்டில் வெள்ளைக் கோடு போடுகிற மனுஷன் எப்படி ஐயா தொகுதியை மாற்ற முடியும்? பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுவிட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். சலூன்காரர் மட்டும் கத்திரியை நிறுத்திவிட்டு யோசித்து, "முடியாதுதான். ஆனா மாத்திட்டாரே" என்றார்.

அதைவிடப் பெரிய எரிச்சல், மச்சான் ஒரு தடவைகூட "நான் இல்லை" என்று சொல்லாததுதான். யார் திட்டினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். திட்டி முடித்தவர் கிளம்பும்போது, "பாத்துப் போங்க, அங்க பள்ளம்" என்பார்.

என் அக்காவின் வீட்டுக்காரர் அவர். எல்லோருக்கும் கோட்டுக்காரர், எனக்கு மச்சான். புதிதாகத் தார் போட்ட ரோட்டில் கோடு போடுகிற குழுவில் அவர் மூத்த ஆள். என்னை அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். மூட்டையில் வரும் வெள்ளைப் பொடியை லாரி மேல் இருக்கும் பாய்லரில் கொட்டி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் கூழ் மாதிரி உருக்க வேண்டும். அது என் பாடு. உருகியதைத் தள்ளுவண்டியில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால், அடியில் இருக்கும் தகரப் பெட்டி வழியாகப் பட்டையாக ரோட்டில் இறங்கும். அது மச்சான் பாடு. சூடு ஆறுவதற்குள் மேலே கண்ணாடித் தூளைத் தூவ வேண்டும். வண்டி விளக்கு பட்டால் கோடு மினுக்குவது அதனால்தான். அந்தத் தூள் மச்சானின் காதிலும் புருவத்திலும் எப்போதும் ஒட்டியிருக்கும். "தலகாணியெல்லாம் மினுமினுங்குது. நான் என்ன சினிமாக்காரியா?" என்று அக்கா உதறிக்கொண்டே திட்டுவாள்.

வண்டியைத் தள்ளுவதற்கு முன்னால் சுண்ணாம்புக் கயிறு பிடிப்போம். ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கிச் சுண்டி விட்டால் தார்மேல் வெள்ளைத் தடம் விழும். அதன்மேல்தான் வண்டி போகும். மச்சானுக்கு அந்தத் தடத்தின்மேல் நம்பிக்கையே வராது. டேப் வைத்து அளந்திருப்பார், அப்போதும் வராது. ரோட்டில் போகிறவர்களை நிறுத்துவார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். இது நேரா இருக்கா பாருங்க."

"தங்கச்சி, இங்க போட்டா சரியா இருக்குமாம்மா?"

இடது பக்கம் நிற்பவர் வலது பக்கம் சாய்ந்திருக்கிறது என்பார். வலது பக்கம் நிற்பவர் இடது பக்கம் என்பார். மச்சான் இரண்டு பேருக்கும் நன்றி சொல்லிவிட்டு மறுபடி கயிறு பிடிக்கச் சொல்வார். எங்கள் மேஸ்திரிக்கு இரத்தம் கொதிக்கும்.

"யோவ், ரோட்டுல போறவன் எல்லாம் இன்ஜினியராய்யா? போட்டுத் தொலைய்யா."

"ஒரு வார்த்தை கேட்டா என்ன மேஸ்திரி, வாயா தேஞ்சிடும்?"

வீட்டிலும் இப்படித்தான். ஒரு சட்டை வாங்கப் போனால் கடைக்காரரைக் கேட்பார், பக்கத்தில் வேறு சட்டை பார்த்துக்கொண்டிருப்பவரைக் கேட்பார், அவர் மனைவியைக் கேட்பார். கடைசியில் வாங்காமல் வருவார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதும், வெளியே நின்றிருந்த ஆட்டோக்காரரிடம் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாராம். "அந்த ஆட்டோக்காரன் மட்டும் என் கையில கெடைச்சான்னா" என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

இப்போது கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பெரிய ரோடு ஓரிடத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட வீடுகளும் கடைகளும்தான் கப்பல். முன் முனையில் மருந்துக்கடை. பின் முனையில், பள்ளத்தில், அக்கா வீடு. பெயர்தான் கப்பல், மழை வந்தால் முழுகும்.

ரோட்டுக்குக் கிழக்கே ஒரு தொகுதி, மேற்கே ஒரு தொகுதி. அந்தக் காலத்தில் கப்பல் கிழக்குத் தொகுதியில் இருந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர், என்ன தோன்றியதோ, தேர்தலில் சொன்னதை மறக்காமல் தொகுதிப் பணத்தில் பெரிய வடிகால் தோண்ட ஆரம்பித்திருந்தார். அது தெருத் தெருவாக வந்து, கப்பலின் கிழக்குக் கிளை ஓரம்வரை வந்துவிட்டது. ரோட்டைத் தாண்டினால் அக்கா வீடு. அக்கா தினமும் காலையில் வாசலுக்கு வந்து, சொந்தக்காரர் வரும் பஸ்ஸைப் பார்ப்பதுபோல் அந்தக் குழியைப் பார்ப்பாள்.

"இந்த மழைக்குள்ள வந்திடும்டா. வந்திடுச்சின்னா கட்டிலுக்கு அடியில செங்கல் வைக்கிற வேலை இல்ல."

அந்த நேரம் பார்த்துத்தான் தொகுதி எல்லைகளைத் திருத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. கிழக்கில் ஜனம் பெருகிவிட்டதாம், மேற்கில் குறைந்துவிட்டதாம், சமமாக்க வேண்டுமாம். மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லைக்கோடு பெரிய ரோட்டின் நடுப்பகுதி வழியாகப் போகும், பொதுமக்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம், பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் என்று போட்டிருந்தது.

பெரிய ரோடு சரி. கப்பலுக்கு எந்தப் பக்கம் போகிற ரோடு? அதை எழுதவில்லை. மேற்குக் கிளைதான் எல்லை என்றால் கப்பல் பழையபடி கிழக்கில் இருக்கும், வடிகால் ரோட்டைத் தாண்டி வரும். கிழக்குக் கிளை என்றால் கப்பல் மேற்கே போய்விடும், வடிகால் ரோட்டோரம் நின்றுவிடும். ஒரு தொகுதிப் பணத்தை அடுத்த தொகுதியில் செலவழிக்கக் கூடாதாம்.

இதைப் படித்ததும் கப்பலில் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. மருந்துக்கடைக்காரர் மேற்கே போகலாம் என்றார். "ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம். கூட்டம் கம்மியான தொகுதில நம்ம ஓட்டுக்கு ஒரு மரியாதை இருக்கும்" என்றார். போன மழையில் தையல் மிஷின் மோட்டார் எரிந்துபோன தையல்காரம்மா, "மரியாதைய வச்சித் தண்ணிய எறைக்க முடியுமா?" என்றார். சலூன்காரர், ஒரு தேர்தலுக்கு அந்தப் பக்கம், ஒரு தேர்தலுக்கு இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போவோம் என்றார். யார் பேசினாலும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. அடுத்தவர் வாயைத் திறந்ததும் முன்னால் பேசினவர் தப்பாகப் பட்டார்.

இந்தக் கூச்சல் ஓயும் முன்னால் பெரிய ரோட்டுக்குப் புதுத் தார் விழுந்தது. கோடு போட நாங்கள் போனோம்.

கப்பல் முனைக்கு வந்து சேர்ந்தபோது மேற்குக் கிளையில் ஒரு சிமெண்ட் லாரி அச்சு முறிந்து குறுக்கே உட்கார்ந்திருந்தது. பாய்லரில் பெயிண்ட் உருகிக் கொதிக்கிறது. அதை ரொம்ப நேரம் வைத்திருந்தால் கருகி மஞ்சளாகிவிடும், அப்புறம் எதற்கும் ஆகாது. மேஸ்திரி வேறு ரோட்டில் இருந்தார். போன் போட்டால், "ஏதாவது ஒரு பக்கம் போடுங்கய்யா, என் உயிர எடுக்காதீங்க" என்று வைத்துவிட்டார். மச்சான் கிழக்குக் கிளையில் கயிறு பிடிக்கச் சொன்னார். தடம் விழுந்தது. வழக்கம்போலச் சுற்றிலும் பார்த்தார். மருந்துக்கடை வாசலில் அதன் முதலாளி நின்றிருந்தார்.

"அண்ணே, கோடு இங்க போட்டா சரியா இருக்குமா?"

மருந்துக்கடைக்காரர் படியிறங்கி வந்தார். தடத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தார். மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான் போடணும். ரொம்பச் சரி. நீங்களே வந்து கேப்பீங்கன்னு நான் நெனைக்கல."

மச்சானுக்குச் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவர் கையைப் பிடித்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பாதி தூரத்தில் தையல்காரம்மா ஓடி வந்தார்.

"கோட்டுக்காரரே, என்ன பண்றீங்க நீங்க?"

"கோடு போடுறேம்மா. நேரா இருக்கா?"

"இங்க ஏன் போடுறீங்க? அந்தப் பக்கம் போடுங்க!"

"அந்தப் பக்கம் லாரி நிக்குதும்மா."

"லாரி நிக்குதுன்னு எங்கள வித்துட்டீங்களா?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கோடு கப்பலின் கடைசிவரை போய் முடிவதற்குள், அக்கா வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். சுற்றிலும் அரை கப்பல் நின்றிருந்தது. அப்புறம்தான் சங்கதி புரிந்தது. எல்லைக்கோடு ரோட்டின் நடுவில் போகும், மக்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. மச்சான் ரோட்டின் நடுவில் கோடு போட்டுக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் கருத்தும் கேட்டுவிட்டார். கருத்துக் கேட்பு முடிந்துவிட்டது, கப்பல் மேற்கே போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

"இது வண்டிக்குப் போடுற கோடுங்க. இந்தப் பக்கம் போற வண்டி அந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு போடுறது" என்று நான் கத்தினேன்.

"அப்ப அவர்கிட்ட மட்டும் ஏன் கேட்டாரு?" என்று ஒருவர் கேட்டார்.

"அவரு வாசல்ல நின்னாருய்யா!"

"நானுந்தான் என் வாசல்ல நின்னேன். என்னைக் கேட்டாரா?"

கோட்டைப் பற்றிய சண்டை அதோடு போய்விட்டது. என்னைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டார் என்ற சண்டை ஆரம்பமானது. இது வேறு கோடு என்று ஒத்துக்கொண்டவர்கள்கூட, தங்களைக் கேட்காததை ஒத்துக்கொள்ளவில்லை. மச்சான் ஒவ்வொருவராகப் போய்க் கேட்க ஆரம்பித்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் லாரியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேஸ்திரி வந்து பார்த்து, இரண்டு கிளையிலும் வண்டி போகிறது, இரண்டிலும் கோடு வேண்டும் என்றார். மேற்குக் கிளையிலும் போட்டோம். தையல்காரம்மா கை தட்டினார். மருந்துக்கடைக்காரர் மச்சானைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் அக்கா வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அங்கயும் கோடு, இங்கயும் கோடு. அப்ப நாம யாரு?"

மச்சான் ரொம்ப நேரம் யோசித்தார். "டீ இருக்கா?" என்றார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்த அன்று நானும் போனேன். குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் இடித்தது. எல்லை வரையும் குழுவிலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. ஒருவர் எழுந்து, எல்லாத் தொகுதியிலும் தலை எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் ஓட்டு கனமாகவும் ஒருவன் ஓட்டு லேசாகவும் ஆகிவிடும், அதுதான் நியாயம் என்றார். கை தட்டினார்கள். அடுத்தவர் எழுந்து, எண்ணிக்கைக்காகத் தெருவை வெட்டக் கூடாது, ஒன்றாகப் புழங்குகிறவர்களை ஒன்றாக வைப்பதுதான் நியாயம் என்றார். அதே ஆட்கள் கை தட்டினார்கள். நானும் இரண்டுக்கும் தட்டினேன். மூன்றாவது ஒருவர், கோடு போடுகிறவர் எந்தக் கட்சிக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது என்றார். அதற்கு ரொம்ப பலமாகத் தட்டினார்கள். உடனே ஒரு குரல், "அப்ப கோட்டுக்காரரக் கேளுங்க, அவருக்கு வேண்டியவங்க யாருமே இல்ல!" என்று கத்தியது. மண்டபம் சிரித்தது.

மச்சானைத் தள்ளிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினார்கள்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி அம்மா.

"கோடு போடுறவங்க."

"நானுந்தான். சொல்லுங்க, உங்க கருத்து என்ன?"

மச்சான் திரும்பி எங்களைப் பார்த்தார். ஆயுசு முழுக்க அடுத்தவரிடம் கேட்டுப் பழகிய ஆள். அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பெண்கள் வரிசையிலிருந்து அக்கா குரல் வந்தது. "கெழக்குன்னு சொல்லுங்க!" மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "சொல்லிக் குடுக்கக் கூடாது!"

"எங்க வீடு பள்ளத்துல இருக்கும்மா" என்றார் மச்சான். "வடிகால் வேணும். அதனால கெழக்குலயே இருக்கணும்னுதான் தோணுது. ஆனா எனக்கு வேணும்னு சொல்றதுனாலயே அது நியாயமா இல்லையான்னு தெரியல. மருந்துக்கடை அண்ணன் வேணாங்கிறாரு. அவருக்கும் ஒரு காரணம் இருக்கு. கேட்டா சரியாத்தான் இருக்கு. அதனால… நீங்க எல்லாரையும் கேட்டுப் போடுங்க."

"எல்லாரையும் கேட்டா எல்லாரும் வேற வேற சொல்றாங்களே?"

"ஆமாம்மா. எனக்கும் அதான் கஷ்டம்."

சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் நான் வரைபடத்தின் பக்கத்தில் போய்க் கப்பலைத் தேடினேன். கிடைக்கவில்லை. பெரிய ரோட்டின்மேல் தடியாகச் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. கப்பல் அந்த மைக்கு அடியில் எங்கேயோ கிடந்தது.

அதிகாரி அம்மாவிடம் தையல்காரம்மா இதைச் சொல்லி ஒரே பிடியாகப் பிடித்தார். அதனால் அந்த அம்மா இடத்தைப் பார்க்க நேரில் வந்தார். மருந்துக்கடை முன்னால், கப்பல் முனையில் நின்று, இந்தக் கிளையைப் பார்த்தார், அந்தக் கிளையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் எங்கள் கோடு பளபளவென்று கிடந்தது. மச்சான் ஓரமாக நின்றிருந்தார். அந்த அம்மா அவரைக் கூப்பிட்டார். கேட்டது ஒரே கேள்விதான்.

"இதுல எது முதல்ல போட்டது?"

மச்சான் கிழக்குக் கிளையைக் காட்டினார்.

அந்த அம்மா தலையாட்டினார். எதையும் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. குடையை விரித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. எல்லை, கிழக்குக் கிளையின் நடுப்பகுதி. கப்பல் மேற்கே போயிற்று.

அது மச்சான் விரலை நீட்டியதாலா? எனக்குத் தெரியாது. மேற்கில் தலை குறைந்தது, அதைக் கப்பலை வைத்து நிரப்பினார்கள், விரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். கப்பலில் இருக்கும் தலையை வைத்து எந்தக் குறையை நிரப்ப முடியும் என்று விஷயம் தெரிந்த இன்னொருவர் கேட்டார். அந்த அம்மா சும்மா பேச்சுக்குக் கேட்டிருப்பார் என்று சில நாள் எனக்குத் தோன்றும். சும்மா கேட்க யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா என்று மறுநாள் தோன்றும்.

அக்காவுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

"ரெண்டாவது போட்டதக் காட்டியிருந்தா வெரல் ஒடிஞ்சிடுமா?"

"எது மொதல்லன்னு கேட்டாங்க. சொன்னேன்."

"எல்லாத்தையும் ஊரக் கேட்டுச் செய்வீங்கல்ல? அத மட்டும் ஏன் என்னைக் கேக்காம சொன்னீங்க?"

மச்சான் கட்டிலுக்கு அடியில் இன்னொரு செங்கல் வைக்கப் போனார்.

வடிகால் ரோட்டோரத்தில் நின்றது. நின்றதோடு போகவில்லை. கிழக்கில் இருக்கும் அத்தனை தெருத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு வந்து, ரோட்டோரத்தில் வாயைத் திறந்து, கப்பலுக்குள் துப்பியது. முன்பு முழங்கால் வந்த இடத்தில் இடுப்பு வந்தது. மேற்குத் தொகுதி உறுப்பினரிடம் போனால், தண்ணீர் கிழக்கிலிருந்து வருகிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்றார். கிழக்கே போனால், நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லையே என்றார்கள். மருந்துக்கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மேற்கே போகவேண்டும் என்று கையைப் பிடித்துச் சொன்ன அதே மனுஷர், நனைந்த மாத்திரை அட்டைகளை ரோட்டில் காயவைத்துக்கொண்டு, "எல்லாம் இந்தக் கோட்டுக்காரராலதான்" என்றார். நான் அவரை அடிக்கப் போனேன். மச்சான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். வந்து, இருவருமாகப் பெயிண்ட் டப்பாவில் வீட்டுத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினோம். வெளியே ஊற்றியது உள்ளே வந்தது.

"நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மச்சான். என் காதுல விழற மாதிரி ஒரு தடவ சொல்லுங்க."

"நான்தானோ என்னவோ மாப்ளே. தெரிஞ்சாத்தான சொல்றதுக்கு?"

அதன்பிறகு பெரிய ரோட்டில் பழைய கோட்டின்மேல் புதுப்பிக்கும் வேலை வரும்போதெல்லாம், கப்பல் முனை வந்ததும் மச்சான் வண்டியை என்னிடம் கொடுத்துவிடுவார். ஓரத்தில் நின்றுகொள்வார். கயிறு நேராக இருக்கிறதா என்று யாரையும் கேட்பதையும் விட்டுவிட்டார். மேஸ்திரிக்கு ஏக சந்தோஷம். "இப்பத்தான்யா நீ தொழில் கத்துக்கிட்ட" என்றார். எனக்குத்தான் கயிறு பிடிக்கும்போதெல்லாம் காது எதையோ எதிர்பார்த்து ஏமாந்தது.

பாய்லர் புகை அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. கடைசியில் இருமலோடு கட்டிலில் விழுந்தார். செங்கல்மேல் ஏற்றிய கட்டில், உட்கார்ந்தால் ஜன்னல் வழியாக ரோடு தெரியும். அந்தச் சமயத்தில்தான் மறுபடியும் தொகுதி எல்லைகளைத் திருத்துகிறோம், மறுபடியும் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அதே சுவரில் ஒட்டினார்கள். அதே மாதத்தில் பெரிய ரோட்டுக்கும் மறுபடி தார் விழுந்தது. பழைய கோடு இரண்டும் தாருக்குள் போய்விட்டன. கப்பலைச் சுற்றி ரோடு கரிய துணி விரித்த மாதிரி வெறுமனே கிடந்தது.

அக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"டேய் தம்பி, இந்தத் தடவ மேற்குக் கிளைல மட்டும் போடு. கெழக்குப் பக்கம் தொடாத. அந்தம்மா வந்து பாத்தா ஒரே கோடுதான் இருக்கணும். வடிகால் வந்திடும்."

"அக்கா, அவங்க எழுதுறது இதப் பாத்துன்னு யாரு சொன்னா?"

"இதப் பாத்து இல்லன்னு யாரு சொன்னா?"

சரி என்றேன். மேஸ்திரியிடம் பேசி மேற்குக் கிளையை முதலில் முடிக்கச் சம்மதம் வாங்கிக்கொண்டேன். மறுநாள் மச்சானைப் பார்க்கப் போனபோது, அவரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"கோடு எப்ப மாப்ளே?"

"இந்த வாரம் மச்சான்."

"கப்பல்கிட்ட போடாத."

"எந்தக் கிளைல?"

"ரெண்டுலயும்."

"மேஸ்திரி கொன்னுடுவாரு."

"பாய்லர் ரிப்பேர்னு சொல்லு. கூட்டம் முடியட்டும். அவங்க வந்து பாத்து எழுதிட்டுப் போகட்டும். அப்புறம் போடு." இருமினார். நான் தண்ணீர் கொடுத்தேன். "கோடே இல்லாத ரோட்டப் பாத்து அவங்க எந்தப் பக்கம் எழுதுறாங்கன்னு தெரிஞ்சிடும்ல?"

"தெரிஞ்சு?"

"மறுபடியும் கெழக்குக் கிளைன்னே எழுதினா, அன்னைக்கும் நான் காரணம் இல்ல."

"எழுதினா வடிகால் வராது மச்சான். வீடு இப்படியே மெதக்கும்."

"ஆமா."

"மேற்குக் கிளைன்னு எழுதிட்டா?"

"வடிகால் வந்திடும்." ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். "அப்ப நான்தான்."

இதில் எது வேண்டும் என்று கேட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஊரார் சொன்னதை வாங்கி வைத்துக்கொண்ட ஆள், அது தன்னுடையதுதானா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறார். அக்கா பக்கம் பார்த்தால் அவள் சொல்வது நியாயம். எத்தனை மழைக்குத்தான் கட்டிலைத் தூக்குவாள். அந்த மண்டபத்தில் இரண்டு பேச்சுக்கும் கை தட்டினேனே, அதே மாதிரிதான் அந்தக் கட்டில் பக்கத்திலும் நின்றேன்.

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. மச்சான் அந்தப் பக்கம் திரும்பினார். புருவத்தில் பழைய கண்ணாடித் தூள் ஒன்று ஜன்னல் வெளிச்சத்தில் மினுக்கியது. வேலைக்குப் போய் எவ்வளவோ நாளாகியும் அது போகவில்லை. கிட்டே வா என்று கையைக் காட்டினார். குனிந்தேன். கூட்டம் வரைக்கும் அவர் உயிரோடு இருக்கவில்லை. என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது இதுதான், அதுவும் அக்காவுக்குக் கேட்காத குரலில்.

"போடலன்னு உங்க அக்காகிட்ட மட்டும் நீயே சொல்லிடு மாப்ளே. எனக்குப் பயமா இருக்கு."